பவானித் தாயின் பிறந்தகம்

கோவையில் குடியிருப்போரிடம் "உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர்?" என்று கேட்டால், சிறுவாணி என்பார்கள் அல்லது பில்லூர் என்பார்கள். எங்கள் வீட்டுக்குப் பில்லூர்த் தண்ணீர். பில்லூர் என்பது அணையின் பெயர். அதில் தேங்குவது பவானி ஆறு. சிறுவாணியும் பிறகு பவானியில்தான் சென்று கலக்கிறது. ஆக, எந்தக் குழாயைத் திறந்தாலும் ஒரே தாயின் பால்தான்.

என் தாயார் பவானி ஊரில் பிறந்தவர். கூடுதுறைப் படியில் முழுகி, சங்கமேஸ்வரரையும் வேதநாயகி அம்மனையும் தொழாமல் எந்த நல்ல நாளும் அவருக்கு விடிந்ததில்லை. காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் கூடும் அந்தத் துறையில் நின்று, "காவேரி தலைக்காவேரியில பொறக்குறா. நம்ம பவானி எங்க பொறக்குறா?" என்று என் தாத்தாவிடம் அவர் சிறு வயதில் கேட்டாராம். "நீலகிரி மலை மேல, மஞ்சுக்குள்ள" என்று தாத்தா சொன்னாராம். அந்தப் பதில் அம்மாவின் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது.

1983ஆம் ஆண்டு நான் பணிபுரிந்த வங்கி என்னை உதகமண்டலத்துக்கு மாற்றியது. திருமணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. அம்மாவும் எங்களுடன் வந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் சென்றோம். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு, பின்னாலிருந்து நீராவி எஞ்சின் தள்ள, ஒவ்வொரு குகையையும் எண்ணிக்கொண்டே வந்தார். மொத்தம் 16 குகைகள். அவர் கணக்கில் 15தான் வந்தது. ஒன்றில் கண்ணயர்ந்துவிட்டார் என்று என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

உதகையில் குடியேறிய முதல் வாரமே அம்மா கேட்டார்: "இங்கிருந்து பவானி பொறக்குற எடம் எத்தனை தூரம் கண்ணு?" மேல்பவானிப் பக்கம், அவலாஞ்சி தாண்டிப் போக வேண்டும், பாதை சரியில்லை, பிறகு பார்க்கலாம் என்றேன். அக்காலத்தில் வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு டிசம்பர் 31இல் முடியும். அதற்கு முன் அரையாண்டுக் கணக்கு ஜூனில். உருளைக்கிழங்கு, கேரட் பயிர்க்கடன்கள், தேயிலைத் தோட்டக் கடன்கள் என்று பேரேடுகள் குவிந்திருந்தன. சொல்வதற்குக் காரணங்களுக்குக் குறைவில்லை.

இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேலாளருக்கு டிரவுட் மீன் பிடிப்பதில் தீராத மோகம். மீன்வளத் துறையில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் எமரால்டுக்கும் அவலாஞ்சிக்கும் ஜீப்பில் போவார். 1984ஆம் ஆண்டு ஒரு ஞாயிறு, "நீயும் வாயேன்" என்று என்னை அழைத்தார். நான் சைவன். மீனைத் தொட்டதுமில்லை. ஆயினும் மேலாளர் அழைத்தால் மறுப்பது எப்படி? அவருடைய கூடையையும் தூண்டிலையும் சுமந்துகொண்டு அவலாஞ்சி ஓடைக்கரையில் நாள் முழுவதும் நின்றேன். பாதை சரியில்லை என்று தாயிடம் சொன்ன அதே பாதைதான். அன்று மாலை வீடு திரும்பியபோது என் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. துண்டு எடுத்துக் கொடுத்தார். சற்று நேரம் கழித்து, "அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சு கண்ணு?" என்று மட்டும் கேட்டார். "ஜில்லென்று இருந்தது" என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

1986இல் சமவெளிக்கு மாறுதல் வந்தது. 1991 மாசி மாதம் தேய்பிறை ஏகாதசியன்று அம்மா இறைவனடி சேர்ந்தார்.

ஆண்டுதோறும் அத்திதியில் கூடுதுறைக்குச் சென்று வருவோம். இவ்வாண்டு புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, பரணிலிருந்து அம்மாவின் பழைய செப்புச் செம்பை எடுத்துப் புளியிட்டுத் துலக்கினேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏனுங்க, அத்தை கேட்டதுக்கு நாப்பது வருசம் கழிச்சுப் பதில் சொல்லப் போறீங்களாக்கும்?" என்றாள். அவளுக்கு முழங்கால் வலி. எனக்கு இரத்த அழுத்தம். இன்னும் தள்ளிப்போட்டால் இருவருமே மலையேற மாட்டோம் என்று தெரிந்திருந்தது. திதிக்கு மூன்று நாள் முன்னதாக வாடகைக் காரில் கிளம்பினோம்.

முதலில் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் வனபத்ரகாளியம்மன் தரிசனம். பகாசுரனை வெல்வதற்குப் பீமன் இந்த அம்மனை வழிபட்டான் என்பது தல வரலாறு. கோயிலை ஒட்டியே பவானி ஓடுகிறது. மலையிறங்கிய பவானியைக் கொங்கு மக்கள் கும்பிடும் முதல் பெரிய சந்நிதி இது. அன்று செவ்வாய்க்கிழமை ஆதலால் கூட்டம் மிகுதி. எலுமிச்சை மாலை சாற்றி, "நாங்கள் மேலே போய் வருகிறோம்" என்று அம்மனிடம் விடைபெற்றோம்.

பர்லியார் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். குன்னூரில் மஞ்சு இறங்கிவிட்டது. எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும் தெரிந்தது. உதகை சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. ஆனால் மாலை ஆறு மணி போன்ற மங்கல். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அல்லவா? தோடர்களின் ஒத்தைக்கல் மந்துதான் உதகமண்டலம் ஆயிற்று என்பார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இம்மலைக்கு ஏறி வந்து, பிறகு தமக்கென ஒரு கல் வீடு கட்டினார். ஓடையை மறித்து ஏரியும் அமைத்தார். அந்தக் கல் வீடு அரசு கலைக்கல்லூரி வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

மாலையில் மார்க்கெட் அருகேயுள்ள மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். மாரியம்மனும் காளியம்மனும் ஒரே கருவறையில் எழுந்தருளியிருப்பது இக்கோயிலின் சிறப்பு. பழைய நாளில் சந்தை கூடும்போது வடக்கிலிருந்து இரண்டு பெண்கள் வந்து தங்க இடம் கேட்டார்களாம். மரத்தடியைக் காட்டியதும் அங்கே மின்னலாக மறைந்தார்களாம். அதனால்தான் அங்கே கோயில் எழுந்தது என்று சொல்வர். சித்திரைத் தேர்த் திருவிழாவில் ஒவ்வொரு சமூகத்தாரும் ஒவ்வொரு நாள் உபயம் செய்வார்கள். நாங்கள் இங்கே குடியிருந்த மூன்றாண்டும் அம்மா ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை. அவர் வழக்கமாக உட்காரும் தூணருகே என் மனைவி போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவலாஞ்சிக்குப் புறப்பட்டோம். உதகையிலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டர். முத்தோரை பாலாடா, இத்தலார், எமரால்டு வழியாகப் பாதை செல்கிறது. பாலாடாவில் கேரட்டைக் கழுவி மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கடன் கொடுத்த காலத்தில் அதையெல்லாம் கையால் கழுவினார்கள்; இப்போது இயந்திரம் சுழல்கிறது. படுகர்களின் ஹட்டிகள், அடுக்கடுக்காகத் தோட்டங்கள், அப்புறம் கற்பூர மரங்கள். எமரால்டு நீர்த்தேக்கம் வளைவுக்கு வளைவு கண்ணில் பட்டு மறைந்தது. எமரால்டும் அவலாஞ்சியும் இரட்டை அணைகள். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியுடன் உருவான குந்தா மின்திட்டத்தைச் சேர்ந்தவை. இங்கே மின்சாரம் தந்துவிட்டு இறங்கும் குந்தா ஆறும் பில்லூரில் பவானியோடு கலக்கிறது.

அவலாஞ்சி என்ற பெயர் தமிழன்று. 1800களின் தொடக்கத்தில் இங்கே பெரிய மலைச்சரிவு ஏற்பட்டதால் ஆங்கிலேயர் இட்ட பெயர். ஊருக்கு முன்னதாகவே டிரவுட் மீன் பொரிப்பகம் வருகிறது. மீன் பிடிப்பதைப் பற்றி ஆன்மிக இதழில் எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். முதல் அவதாரமே மச்சாவதாரம் என்பதையும், சிருங்கேரியில் துங்கை நதி மீன்களுக்குப் பக்தர்கள் பொரி போடுவதையும் நினைத்துக்கொண்டு நான் உள்ளே நுழைந்தேன். மனைவி காரிலேயே இருந்துகொண்டாள்.

டிரவுட் இந்நாட்டு மீன் அன்று. குளிர் நாட்டு ஓடைகளில் தூண்டில் போட்டுப் பழகிய ஆங்கிலேயர்களுக்கு நீலகிரியின் ஓடைகளைக் கண்டதும் ஊர் நினைவு வந்துவிட்டது. 1863இல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே என்பவர் டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. நாற்பதாண்டுகளுக்கும் மேல் கழிந்து, எச்.சி. வில்சன் என்ற அதிகாரியின் முயற்சியில் வானவில் டிரவுட் இங்கே நிலைபெற்றது. 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. அதற்கு முன்பே, 1879இல், நீலகிரியின் வனவிலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டமே இயற்றிவிட்டார்கள். வேட்டையாடுவதற்கு மிச்சம் இருக்க வேண்டுமே என்ற கவலை அதில் இருந்தது என்பது வேறு விஷயம்.

அங்கே பார்த்ததில் என்னைச் சிந்திக்க வைத்தது மீன் அன்று, தண்ணீர். இந்த மீன் தேங்கிய நீரில் வாழாது. சூடான நீரில் வாழாது. கலங்கல் ஆகாது. மலை ஓடையின் நீரைச் சிமெண்டுத் தொட்டிகளின் ஒரு முனையில் விட்டு, மறுமுனையில் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஓட்டம் ஒருபோதும் நிற்கக் கூடாது. குளிர் மாதங்களில் தாய்மீனின் வயிற்றை மெல்ல நீவி முட்டைகளை எடுத்து, தட்டுகளில் பரப்பி, ஓடும் நீரில் வைக்கிறார்கள். நீரின் குளிர்ச்சியைப் பொறுத்து ஒரு மாதமோ அதற்கு மேலுமோ கழித்துக் குஞ்சு பொரிக்கும். பொரித்த குஞ்சு தன் வயிற்றில் ஒட்டியிருக்கும் கருவுணவைத் தின்றே முதல் நாட்களைக் கழிக்குமாம். இம்மீன் ஓர் ஓடையில் உயிரோடு இருக்கிறது என்றால் அந்த நீர் இன்னும் தூயது என்று அடித்துச் சொல்லலாம். நாற்பதாண்டுகளுக்கு முன் கூடை சுமந்துகொண்டு இதே கரையில் நின்றபோது இது எதுவும் எனக்கு உறைக்கவில்லை. மாலை நாலு மணிக்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொரிப்பகத்துக்கு அப்பால் சொந்த வண்டிகளுக்கு அனுமதியில்லை. வனத்துறையின் வண்டியில்தான் போக வேண்டும். எங்கள் ஓட்டுநர் படுக இளைஞர். என் மனைவியின் கையிலிருந்த செம்பைப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் பாட்டில் இல்லாம வந்தீங்களே, அதுவே பெரிய விசயமுங்க" என்று சிரித்தார். முன் இருக்கையில் அவளை உட்கார வைத்தார். பாதை கரடுமுரடு, முதுகுவலிக்காரர்கள் யோசித்துத்தான் ஏற வேண்டும்.

காடு தொடங்கியது. சோலை என்று நாம் பாட்டுகளில் சொல்கிறோமே, உண்மையான சோலையை இங்கேதான் பார்க்கிறோம். இரு புல்மேடுகள் சேரும் மடிப்புகளில் குட்டை மரங்கள் தலைகோத்து நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் காலிபிளவர் பூவை அடுக்கிவைத்தது போல இருக்கிறது. அப்படியே பெயரும் வைத்துவிட்டார்கள். மாசி மாதம் ஆதலால் புல்வெளி ஓரங்களில் காட்டுப் பூவரசு செக்கச் சிவந்து பூத்திருந்தது. மஞ்சு வந்து எல்லாவற்றையும் மூடும், மறுநிமிடம் விலகும், மீண்டும் மூடும்.

2019 ஆகஸ்டில் இந்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கோவையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அது அதிகம். அத்தனை மழையையும் மொட்டைப் பாறையில் கொட்டினால் அன்றே கடலுக்குப் போய்விடும். புல்வேர்களும் சோலை மண்ணும் தென்மேற்குப் பருவமழையைத் தம்முள் இழுத்து வைத்துக்கொண்டு, கோடையில் சிறுகச் சிறுக விடுகின்றன. வங்கிக்காரன் பாஷையில் சொல்வதானால், முதலைத் தொடாமல் வட்டியில் வாழும் குடும்பம். சென்ற நூற்றாண்டில் இப்புல்வெளிகளில் பெரும்பகுதியைச் சீகை மரமும் கற்பூர மரமும் நட்டு மூடிவிட்டார்கள். அது முதலிலேயே கைவைத்த கதை. இப்போது சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் வேலை சில இடங்களில் நடக்கிறது.

வண்டி நின்றது. "பவானி அம்மன் கோயிலுங்க, அய்யா. பத்து நிமிசம்" என்றார் ஓட்டுநர்.

கோபுரமில்லை, பிரகாரமில்லை. காட்டுக்குள் சிறியதொரு சந்நிதி. எண்ணற்ற ஊர்களுக்குக் குடிநீரும் லட்சக்கணக்கான ஏக்கருக்குப் பாசனமும் தருபவள், மழையிலும் பனியிலும் இப்படி ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள். மனைவி கொண்டுவந்த மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லிகை ஆகியவற்றைச் சமர்ப்பித்தோம். சூடம் ஏற்றக் காற்று விடவில்லை. மூன்றாம் முறை ஓட்டுநர் கைகளைக் குவித்து மறைத்துக்கொள்ள, சுடர் நின்றது.

அருகே ஓடை. நான் செம்புடன் இறங்கப் போனேன். "இருங்க அய்யா, பாசி வழுக்கும், அட்டையும் இருக்கும்" என்று அவர் தடுத்தார். எதற்கு என்று கேட்டார். இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தம் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் இறங்கினார். பிறகு என் கையைப் பற்றி இறக்கினார். குனிந்து செம்பை நீரில் ஆழ்த்தினேன். விரல்கள் மரத்துப்போயின. அடியிலிருந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. மேலே வந்து செம்பின் வாயை வாழையிலையால் மூடிக் கட்டினோம். மனைவி நெடுநேரம் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தையால இங்க நடந்திருக்க முடியுமுங்க. அப்ப அவங்களுக்குக் கால் நல்லாத்தான இருந்துச்சு" என்றாள். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

அன்பர்கள் செல்ல விரும்பினால் சில குறிப்புகள். நீலகிரிக்குச் செல்லும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவலாஞ்சிப் பக்கம் மழை கடுமை, வனப்பாதையை மூடிவிடுவார்கள். கிளம்புமுன் வனத்துறையில் கேட்டுக்கொள்வது நல்லது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. இதய நோயாளிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே செல்லுங்கள். காதை மூடும் கம்பளிக் குல்லாய் அவசியம். மதிய உணவைக் கட்டி எடுத்துச் சென்றுவிடுங்கள். பிளாஸ்டிக் உறையில் வேண்டாம்.

திரும்பும் வழியில் பவானியின் பயணத்தை மனைவிக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். மலையிலிருந்து நேராக நம்மிடம் வருவதில்லை அவள். முதலில் கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடியில் முக்காலி என்னும் இடத்தில் திசை திரும்பி, மீண்டும் தமிழகம் வருகிறாள். பில்லூர், மேட்டுப்பாளையம் கடந்து, பவானிசாகரில் மோயாற்றைச் சேர்த்துக்கொண்டு, கொடிவேரி வழியாகக் கூடுதுறை அடைகிறாள். ஏறத்தாழ 217 கிலோமீட்டர். "பொறந்த வீட்டை விட்டு வர மனசில்லாம சுத்திச் சுத்தி வர்றா" என்றாள் மனைவி.

ஏகாதசியன்று விடியற்காலை கூடுதுறை. திருஞானசம்பந்தர் பாடிய திருநணா இதுவே. கொங்கு நாட்டின் பாடல் பெற்ற ஏழு தலங்களுள் ஒன்று. சங்கமேஸ்வரரும் ஆதிகேசவப் பெருமாளும் ஒரே வளாகத்தில் அருள்பாலிக்கிறார்கள். தலமரம் இலந்தை. சல்லிவனுக்கு முன் கோவை கலெக்டராக இருந்த வில்லியம் காரோ, வேதநாயகி அம்மனுக்கு 1804இல் சமர்ப்பித்த தந்தக் கட்டில் இங்கே இருக்கிறது. ஒரு பெண் குழந்தை வந்து தட்டியெழுப்பி வெளியே அழைத்ததாகவும், அவர் வெளியேறியதும் பங்களாவின் கூரை இடிந்து விழுந்ததாகவும் சொல்வார்கள். அம்மா இந்தக் கதையை எனக்குச் சொல்லாத ஆண்டில்லை. சொல்லும்போது, "வெள்ளைக்காரன் கூப்பிட்ட உடனே எந்திரிச்சுப் போனான் பாரு" என்று முடிப்பார். அதில் எனக்கென்று ஏதேனும் இருந்ததா என்று அப்போது நினைத்துப் பார்த்ததில்லை.

படித்துறையில் சாஸ்திரிகள் எள்ளும் தர்ப்பையும் எடுத்து வைத்தார். செம்பைப் பார்த்து, "இது எந்தத் தீர்த்தம்?" என்றார். "இதே தீர்த்தம்தான், மேலிருந்து கொண்டுவந்தேன்" என்றேன். அவருக்குச் சற்றுக் குழப்பம். மனைவி விளக்கிச் சொன்னாள். அவர் தலையசைத்து, அம்மாவின் பெயரும் கோத்திரமும் சொல்லச் சொன்னார். சொன்னேன். சமவெளி வெயிலிலும் காரிலும் இருந்த நீரில் குளிர்ச்சி போயிருந்தது. அதைக் கையில் வார்த்து மும்முறை எள்ளுடன் விட்டேன். மீதியைத் துறையிலேயே சாய்த்தேன். பொரி என்று நினைத்தோ என்னவோ, மீன்கள் கூட்டமாக வந்து அவ்விடத்தைச் சுற்றிவிட்டுப் போயின.

வெறும் செம்பை அங்கேயே அலம்பி, அதே படியில் நீர் மொண்டுகொண்டோம். வீட்டுப் பூஜையறையில் அம்மாவின் படத்தருகே இப்போது அது இருக்கிறது.